மொய் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வருஷக் கணக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மதுரை செல்லூரில் சொந்த வீடு, கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டர் வேலை, பிடித்தம் போகக் கையில் 18,000 ரூபாய். உங்கள் மனைவி வீட்டிலேயே தைத்து 15,000 வரை சம்பாதிக்கிறார். இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பா அம்மா. "மாசச் செலவு வரவுக்குள்ளதான் இருக்கு, ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்கா ஏதாச்சும் திடீர்ச் செலவு வந்து நகை அடகுக்குப் போயிருது. இதுக்குன்னு மாசம் எவ்வளவு ஒதுக்கணும், எங்க வைக்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். போன பன்னிரண்டு மாதச் செலவையும் கூடவே எழுதியிருந்தது ரொம்ப நல்லதாகப் போயிற்று. அதை வைத்தே பேசுவோம்.

கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகைக்கடன் கவுண்டரில் 24 வருஷம் உட்கார்ந்தவள் நான். எந்த மாதம் கூட்டம் வரும், எந்த மாதம் கவுண்டர் காற்று வாங்கும் என்று எனக்குக் காலண்டர் பார்க்காமலே தெரியும். ஜூன் முதல் பத்து நாள் வாசல்வரை வரிசை நிற்கும். பிறகு ஆடி கடைசி வாரம். தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள். தை பிறந்ததும் கொஞ்சம். மார்கழியில் ஆளே இருக்காது.

பூக்கட்டும் அம்மா ஒருவர் ஜூன் முதல் வாரம் தவறாமல் வருவார். தோட்டைக் கழற்றித் தராசுக்குப் பக்கத்தில் வைப்பார். பிறகு சுருக்குப் பையைத் திறந்து ஒரு காகிதச் சுருளை எடுப்பார். அதற்குள் இரண்டு ஈர்க்குச்சி இருக்கும். விளக்குமாற்றிலிருந்து ஒடித்து, முனையைத் தரையில் தேய்த்து மழுக்கி, இரண்டையும் ஒரே அளவாக நறுக்கிக் கொண்டு வந்திருப்பார். காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாதே, அதற்கு. கண்ணாடி இல்லாமலே செருகிக்கொள்வார். நாலைந்து வருஷம் இதைப் பார்த்துவிட்டு ஒரு தடவை கேட்டேன்: "தோட்டை வைக்கணும்னு எப்பக்கா முடிவு பண்ணுவீங்க?" அவர் சொன்னார்: "சித்திரை பொறக்கையிலயே தெரியும் தாயி. பள்ளிக்கூடம் தொறந்தா இது இங்க வந்துதானே ஆகணும்."

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வராது. மல்லிகை விலை ஏறினாலும் இறங்கினாலும் கட்டுக்கூலி பெரிதாக மாறாது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. குச்சி நறுக்கும்போதே தெரிந்த செலவு அது. கவுண்டருக்கு வரும் பாதிப் பேர் "திடீர்னு ஒரு செலவு மேடம்" என்றுதான் தொடங்குவார்கள். விசாரித்தால் அது திடீரென்று வந்ததாக இருக்காது.

உங்கள் கணக்கையே பாருங்கள். ஜூனில் பிள்ளைகளின் ஃபீஸ், நோட்டு, ஷூ, வேன் அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 28,000. ஆவணியில் தங்கச்சி மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் 22,000. மற்ற விசேஷங்களுக்கு வருஷம் முழுக்க எழுதிய மொய் 13,500. தீபாவளிக்கு 15,000. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து உறவுகள் வந்து தங்கிய வகையில் 6,000. பைக் என்ஜின் வேலை 7,500. போர் மோட்டார் காயில் கட்டியது 4,000. அப்பா வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்த வைத்தியம் 18,000. கூட்டினால் 1,14,000 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 9,500.

இதில் எது திடீர்? பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். தீபாவளித் தேதி ஒரு வருஷம் முன்னாலேயே காலண்டரில் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமியும் அப்படித்தான். இந்த மூன்றும் 49,000. சீரும் மொய்யும் 35,500; அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், பேசுகிறேன். பைக்கும் மோட்டாரும் 11,500. செல்லூரிலிருந்து கப்பலூருக்குத் தினமும் போய் வருகிற வண்டி தேயத்தான் செய்யும். என்றைக்கு நிற்கும் என்பதுதான் தெரியாது. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது அப்பாவின் கை, 18,000. உங்கள் வருஷத்தில் உண்மையிலேயே எதிர்பாராமல் வந்த செலவு அது ஒன்றுதான். மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து பவுன் மேல் 1,20,000 ரூபாய் கடன், வருஷத்துக்கு 12 சதவீதம். அதன் வட்டி 14,400. வெளியில் மூணு வட்டிக்கு வாங்கிய 20,000-க்கு மாதம் 600, வருஷத்துக்கு 7,200. இரண்டும் சேர்ந்து 21,600. அப்பாவின் கை உடைந்ததற்கு ஆன செலவைவிட, பழைய செலவுகளுக்கு நீங்கள் கட்டும் வட்டி அதிகம். உங்கள் வீட்டில் கட்டாயம் குறைக்க வேண்டிய செலவு எது என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். பிள்ளைகளின் பலகாரத்திலும் உங்கள் டீச் செலவிலும் கை வைக்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது மொய்க்கு வருகிறேன். பட்ஜெட் போடச் சொல்லும் புத்தகங்களில் இதற்குக் கட்டமே இருக்காது. நம் பக்கத்தில் இதுதான் பெரிய கட்டம்.

உங்கள் வீட்டு பீரோவில் மொய் நோட்டு இருக்கும். உங்கள் கல்யாணத்து நோட்டு, வீடு குடிபுகுந்த நோட்டு, பெரிய பிள்ளைக்குக் காது குத்திய நோட்டு. இப்போது லேப்டாப்பில் எழுதிப் பிரிண்ட் போட்டுப் புத்தகமாகவே கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், தேடுவது இன்னும் சுலபம். நமக்கு இது வெறும் நினைவுக்கு வைத்திருக்கும் நோட்டு இல்லை. ஊர், பெயர், தொகை என்று வரிவரியாக எழுதிய கடன் கணக்கு அது. மதுரையிலிருந்து மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் போனால் செய்முறை என்பார்கள்; வாங்கியதைத் திருப்பிச் செய்வது கடமை, கொஞ்சம் கூட்டிச் செய்வது மரியாதை. ஆக, வரப்போகும் செலவு உங்கள் பீரோவிலேயே எழுதிக் கிடக்கிறது. யாருக்கு, எவ்வளவு என்பது தெரியும். எப்போது என்பது மட்டும் நோட்டில் இல்லை. அது உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து நோட்டைத் திறங்கள். கையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள், பேனா வேண்டாம். ஏற்கெனவே திருப்பிச் செய்துவிட்டவர்களுக்கு ஒரு டிக் போடுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொரு பெயருக்கும் அம்மாவிடம் கேளுங்கள்: அவங்க வீட்டில் என்ன விசேஷம் வரும்? அம்மா சொல்வார்: "அவன் மக பத்தாவது படிக்குது, கல்யாணத்துக்கு இன்னும் ஆறேழு வருசம் கெடக்கு. இவுகளுக்குப் பேரன் பொறந்து ஒரு வருசமாச்சு, அடுத்த வைகாசிக்குள்ள மொட்டை எடுத்துக் காது குத்திருவாக. அவரு வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாச்சு, தைக்குள்ள பால் காய்ச்சிருவாரு." அதைக் கேட்டு ஓரத்தில் வருஷம் எழுதுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். முடித்தால் அடுத்த மூன்று வருஷத்துக்கு உங்கள் தலைமேல் இருக்கும் செய்முறை எவ்வளவு என்று ஒரு தொகை நிற்கும். என் வீட்டில் நான் முதல் தடவை இதைச் செய்தபோது, அடுத்த வருஷத்துக்கு எனக்குத் தெரியவந்தது ஒன்பது விசேஷம். கடைசியில் வந்தது பன்னிரண்டு. அப்பாடா என்றிருந்தது, முன்னால் பன்னிரண்டுமே எனக்குத் திடீர்தான்.

இதிலேயே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் மூன்று பத்திரிகை வரும். ஆகவே இந்தக் கட்டத்துக்கு மாதாமாதம் ஒரே தொகை என்று பார்க்காமல், பத்திரிகை வராத மாதங்களில் கூடுதலாகப் போட்டு வையுங்கள். இரண்டு, உங்களுக்கு வர வேண்டிய மொய்யை வரவாக எழுதாதீர்கள். கடனை அடைக்க விசேஷம் வைக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. பந்தல், சாப்பாடு, மண்டபம் போக மிஞ்சுவது குறைவு, வாங்கிய மொய் மறுபடி கடனாக நோட்டில் ஏறிக்கொள்ளும். கவுண்டரில் அப்படி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மூன்றாவது, தாய்மாமன் சீர். இது நோட்டில் இருக்காது, ஆனால் தங்கச்சி பிள்ளைகளின் வயது உங்களுக்குத் தெரியும். காதுகுத்து முடிந்தது, அந்தப் பிள்ளை பெரிய மனுஷியாகும்போது அடுத்த சீர், கல்யாணத்துக்கு அதற்கடுத்தது. அண்ணன் தம்பி இருந்தால் இப்போதே உட்கார்ந்து பேசி, யாருக்கு எந்தப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சபையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது பேச முடியாது.

இனி உண்மையான திடீர்ச் செலவு. முதலில் ஆஸ்பத்திரி. அப்பாவின் கைக்கு 18,000 தனியாரில் கட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிப்பார்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 20,000 சம்பளத்துக்கு உங்களிடம் பிடிப்பது 150 ரூபாய்தான், அதனால் கண்ணில் படாமலே போகும். அந்த 150 ரூபாய்க்கு உங்களுக்கும், மனைவி மக்களுக்கும், உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை தத்தனேரியில், உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பா அம்மாவின் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று கம்பெனி அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். விழுந்த பிறகு கேட்டால் காகிதம் தேடவே நாலு நாள் ஆகிவிடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும், ஆகவே உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் உறவில் தகுதி உள்ளவர்கள் அட்டை எடுக்காமல் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டு ஆஸ்பத்திரிச் செலவு கைமாற்றாக உங்களிடம்தான் வந்து நிற்கும். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு 2021-இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும். ரிங் ரோட்டில் தினமும் வண்டி ஓட்டுகிறவர் நீங்கள், வீட்டில் எல்லாரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய்க்கு 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு 2 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. இரண்டுக்கும் மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் கணக்கில் இருப்பு இல்லாமல் காப்பீடு அறுந்துபோன குடும்பங்கள் உண்டு. ஜூன் ஃபீஸுக்காக மே மாதமே கணக்கைத் துடைத்து எடுப்பதால் வருகிற வினை இது. 456 ரூபாயை விட்டுவைத்துவிட்டு எடுங்கள்.

இரண்டாவது, மழை. 2024 அக்டோபர் 25-ஐ நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது உங்கள் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நீங்களும் அந்தச் சமயம் ஃபிரிட்ஜும் மெத்தையும் தையல் மெஷின் மோட்டாரும் போனதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரிச் செலவுக்குத் தொகை கணக்குப் போட முடியாது. ஆனால் சேதத்தைக் குறைக்க முடியும். ஐப்பசி பிறக்குமுன் தையல் மோட்டாரை மேசை உயரத்துக்கு மேலே தூக்கி மாட்டச் சொல்லுங்கள், அது உங்கள் வீட்டின் பாதி வருமானம். பட்டா, ரேஷன் கார்டு, நகை அடகுச் சீட்டு, மொய் நோட்டு எல்லாவற்றையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பரணில் வையுங்கள். நனைந்துபோன அடகுச் சீட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவர்களுக்கு நகல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

சரி, பணம். மாதம் 33,000 வரவில் வட்டி 1,800-ம் சேர்த்து 28,800 செலவு, 4,200 எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்கிறீர்கள். அந்த 4,200-ஐப் பிடித்து நிறுத்தினால் வருஷத்துக்கு 50,400. போனஸ் 18,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 68,400. தேவை 1,14,000. பள்ளம் 45,600. அதில் 21,600 வட்டியால் விழுந்த பள்ளம். வட்டி ஒழிந்த அன்றைக்குப் பாக்கி 24,000, மாதம் 2,000 ரூபாய். அது எட்டக்கூடிய தொகை. ஆவணிச் சீர் மாதிரி 22,000 ரூபாய்ச் செலவு எல்லா வருஷமும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கையில் 10,000 சேருங்கள், வேறு எதையும் யோசிக்காமல். இரண்டரை மாதத்தில் சேர்ந்துவிடும். இது இல்லாமல் கடனை அடைக்கத் தொடங்கினால், ஒரு காய்ச்சல் வந்தாலும் மறுபடி கடனுக்குப் போவீர்கள்.

அடுத்தது மூணு வட்டி. வருஷத்துக்கு 36 சதவீதம் அது. நகைக்கடன் 12 சதவீதம். நீங்கள் நகை வைத்த பிறகு தங்கம் விலை ஏறியிருக்கிறது. அதே ஐந்து பவுனுக்கு இன்னும் 20,000 தாராளமாகக் கிடைக்கும். மறு அடகு வைத்து அந்த 20,000-ஐ வாங்கி, கவுண்டரிலிருந்து நேராகக் கடன்காரர் வீட்டுக்குப் போங்கள். வழியில் எங்கும் நிற்காதீர்கள். பணத்தைக் கொடுத்ததும் புரோநோட்டையும், கொடுத்திருந்தால் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கையும் கையோடு திருப்பி வாங்குங்கள். "நாளைக்குத் தேடித் தாரேன்" என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் வட்டி மாதம் 1,800-லிருந்து 1,400-க்கு இறங்கும். யாராவது தராமல் மிரட்டினால், 2003-லிருந்து தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கலாம்.

மறு அடகு வைக்கும்போது இன்னொன்றும் செய்யுங்கள். சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள், இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்து வையுங்கள். ஒரே சீட்டு என்றால் முழுப் பணமும் கட்டினால்தான் நகை திரும்பும். பிரித்து வைத்தால் 25,000 சேர்ந்ததும் மோதிரச் சீட்டைத் திருப்பிவிடலாம், அந்த வட்டி அன்றோடு நிற்கும். ஒரு பொருள் வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்ததைத் திருப்ப வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேகம் வரும், இதைக் கவுண்டரில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். வட்டியை மாதாமாதம் கட்டுங்கள். வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று விட்டவர்கள்தான் பெரும்பாலும் ஏல நோட்டீஸ் வாங்கினார்கள். 2021-இல் கூட்டுறவில் ஐந்து பவுன்வரை தள்ளுபடி வந்தது உண்மை. தகுதியுள்ள நிறையக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதற்குப் பிறகு "அடுத்த தள்ளுபடி வரும்" என்று திருப்பாமலே விட்டு, வட்டி ஏறி நகையையே இழந்தவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கி 2025-இல் சிறு நகைக்கடனுக்கு, 2.5 லட்சம் வரைக்கும், நகை மதிப்பில் 85 சதவீதம்வரை கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறது. கூடுதலாகத் தருகிறார்கள் என்று கூடுதலாக வாங்காதீர்கள். தேவை 30,000 என்றால் அதற்கு எந்தப் பொருள் போதுமோ அதை மட்டும் கழற்றுங்கள்.

எங்கே வைப்பது என்றும் கேட்டீர்கள். பணத்தை மூன்று இடத்தில் வைக்கச் சொல்வேன். 3,000 ரூபாய் வீட்டில், நூறும் இருநூறுமாக. ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினால் வைத்தியம் இலவசம். ஆட்டோவுக்கும், டீக்கும், வெளியில் வாங்கச் சொல்லும் மருந்துக்கும் சில்லறை நோட்டு வேண்டும். பரணில் அந்த டப்பாவிலேயே இருக்கட்டும். மிச்ச அவசரப் பணம் தபால் நிலைய சேமிப்புக் கணக்கிலோ, ஜிபே இணைக்காத வேறொரு வங்கிக் கணக்கிலோ இருக்கட்டும். ஜிபே உள்ள கணக்கில் வைத்தால் அந்த 4,200 போன வழியிலேயே இதுவும் போகும். வங்கியில் 5 லட்சம்வரை வைப்புக்குக் காப்பீடு உண்டு, பயமில்லை. மூன்றாவது, தேதி தெரிந்த செலவுக்கு ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு. ஜூலையில் தொடங்கி மாதம் 2,500 வீதம் பதினோரு மாதம் கட்டினால் ஃபீஸ் நேரத்துக்கு 27,500-ம் வட்டியும் கையில் இருக்கும். கடன் தீரும்வரை இதைப் பாதியாகத் தொடங்கினாலும் சரி, தொடங்குங்கள்.

நகைச் சீட்டு கட்டுகிறீர்களாம். அதில் முடிவில் கிடைப்பது நகை, பணம் இல்லை. அதைத் தங்கச்சி மகளின் அடுத்த சீருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு நம்பாதீர்கள். ஏலச் சீட்டு போட்டால் பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள்; 1982 சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவு உண்டு, நடத்துகிறவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருவில் தெரிந்தவர் பிடிக்கும் தீபாவளிச் சீட்டைப் பற்றி என் அனுபவம் ஒன்று. வருஷம் முழுக்க வாரம் 200 கட்டினேன். ஐப்பசியில் வீடு பூட்டிக் கிடந்தது. நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்கெல்லாம் ரசீது எழுதிக் கொடுத்துக்கொண்டு, நான் ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கி வைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு என் வளையல்தான் எங்கள் கவுண்டரில் தராசில் ஏறியது.

சில்லறை விஷயம் ஒன்று: வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதையும் தேதி தெரிந்த பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: "வீட்டுக்காரம்மா அரிசி டிரம்முக்குள்ள சிறுவாடு சேர்த்து வச்சிருக்காங்கன்னு தெரியும். அதையும் இந்தக் கணக்குல சேர்த்துக்கலாமா?" வேண்டாம் தம்பி. கேட்கவும் வேண்டாம், தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். நான் சொன்ன 3,000, 10,000 எல்லாம் உங்கள் இருவருக்கும் தெரிந்த பணம். சிறுவாடு வேறு. தைத்துக் கொடுத்த ரவிக்கைக் கூலியில் பத்து இருபதாக ஒதுக்கியது. ஒரு நாள் உங்கள் வேலைக்கே ஆபத்து வந்து, எல்லாக் கணக்கும் துடைத்துப் போய், அடுப்பு எரியுமா என்கிற நிலை வந்தால், அவரே டிரம்முக்குள் கையை விட்டு எடுத்துத் தருவார். அதுவரை அரிசியை அவரே அளக்கட்டும்.